குப்ஃபர்: ஈரலின் நட்சத்திரக் கலங்களைக் கண்டவர்

ஈரலைப் பற்றிப் படிக்கும் மருத்துவ மாணவர் எவரும் குப்ஃபர் என்ற பெயரைக் கடந்தே செல்வர். ஆனால் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கலம், அவர் முதலில் கண்ட கலம் அல்ல.

கார்ல் வில்ஹெல்ம் வொன் குப்ஃபர் 1829 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி, இன்றைய லாத்வியாவிலுள்ள லெஸ்ரென் என்ற ஊரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். அப்பகுதி அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. டோர்பாட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்ற அவர், பின்னர் கீல், கொனிக்ஸ்பேர்க், மியூனிக் நகரங்களில் உடற்கூற்றியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

1876 இல் ஈரலின் நரம்புகளைத் தேடிய அவர், மெல்லிய ஈரல் துண்டுகளுக்குத் தங்கக் குளோரைட்டால் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். குருதி நுண்குழாய்களின் ஓரமாக நட்சத்திர வடிவக் கலங்கள் கருமையாகத் தெரிந்தன. 1898 இல், குருதியில் வரும் அந்நியத் துணிக்கைகளை விழுங்கும் கலங்களைக் கண்டபோது, இரண்டும் ஒன்றே என முடிவு செய்தார். அது தவறு என்பதை அறியாமலே 1902 டிசம்பர் 16 ஆம் திகதி மியூனிக்கில் காலமானார். முதலில் கண்டவை விற்றமின் ஏ சேமிக்கும் வேறு கலங்கள் என்பதை 1971 இல் யப்பானிய ஆய்வாளர் கென்ஜிரோ வாகே நிறுவினார். விழுங்கும் கலங்களுக்கோ குப்ஃபரின் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் ஒன்றெனக் கருதிய இரண்டு கலங்களும் நாட்பட்ட ஈரல் நோயில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மதுவோ வைரஸோ கொழுப்போ ஈரல் கலங்களைத் தொடர்ந்து காயப்படுத்தும்போது குப்ஃபர் கலங்கள் இரசாயனச் சைகைகளை வெளியிடுகின்றன. அவற்றைப் பெறும் நட்சத்திரக் கலங்கள் விற்றமினை இழந்து, கொலாஜன் நார்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. காயத்தை மூட வந்த தழும்பே பெருகி ஈரலை இறுக்குகிறது.

காயப்படுத்தும் காரணம் நின்றால் நிலைமை மாறும். நட்சத்திரக் கலங்கள் பல மடிகின்றன, சில அமைதியாகின்றன. விழுங்கும் கலங்களும், குருதியிலிருந்து வந்து சேரும் அவற்றின் உறவுக் கலங்களும் நொதியங்களைச் சுரந்து நார்களைக் கரைக்கின்றன. தப்பிய ஈரல் கலங்கள் பிரிந்து பெருகுகின்றன. மிக முற்றிய தழும்பு முழுமையாகக் கரைவதில்லை. ஆகவே மதுவை நிறுத்துவதும் வைரஸுக்குச் சிகிச்சை பெறுவதும் எவ்வளவு முந்துகிறதோ, அவ்வளவுக்கு ஈரல் மீளும்.