கூடாரம் சுமந்த சாமிக்கண்ணு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சினிமா நடிகர்களின் பிறந்த நாளை நாம் மறப்பதில்லை. ஆனால் தமிழகத்தின் சிற்றூர்களுக்கும் படக் கொட்டகை வருவதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவரான கோயமுத்தூர்க்காரரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883இல் கோவையில் பிறந்த அவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்தார். மாதச் சம்பளம் 25 ரூபாய். அந்நாளில் அது கௌரவமான வேலை. நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த எனக்கு அதன் எடை தெரியும். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ 'பர்மனென்ட்' ஆவதற்காக எங்கள் பக்கத்தில் வேண்டாத தெய்வமில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்னிடம் வீட்டார் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டியபடி திருச்சிக்கு வந்தார். உடல்நலம் குன்றவே, படக்கருவியையும் சுருள்களையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப எண்ணினார். விலை 2,250 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 மாதச் சம்பளம்! ஒரு காசும் செலவழிக்காமல் ஏழரை ஆண்டுகள் சேர்த்தாலன்றிக் கிட்டாத தொகை. சாமிக்கண்ணு அதைத் திரட்டினார், வேலையையும் விட்டார். வயது இருபத்திரண்டு. எங்கள் ஊராயிருந்தால் பையனுக்கு ஏழரைச் சனி பிடித்துவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள்.

கூடாரம் அடித்து, இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப்படத்தைத் திருச்சியில் திரையிட்டார். மக்கள் வியந்து திரண்டனர். பிறகு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டவர் பெஷாவர், லாகூர், லக்னோ என்று சுற்றினார். ரயில்வேயை அவர் விட்டாலும் ரயில் அவரை விடவில்லை! 1909இல் சென்னையில் கூடாரம் போட்டார். பாத்தே நிறுவனத்தின் படக்கருவிகளை விற்கும் முகவராகவும் ஆனார். அவரிடம் கருவி வாங்கியோர் தாமும் கூடாரத்துடன் கிளம்பினர். டூரிங் சினிமா இப்படித்தான் பரவியது.

1914இல் சொந்த ஊரில் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். தென்னகத்தின் மிகப் பழைய திரையரங்குகளுள் அதுவும் ஒன்று. அன்றைய கோவையைப் பெருநகரமாக எண்ணிவிடக் கூடாது. பைக்காரா மின்சாரம் வந்ததே 1930களில்தான். நெய்வேலி மின்சாரமோ 1962இல்தான். சாமிக்கண்ணு தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். படம் காட்டியதோடு நில்லாமல் மின்சார அச்சகமும் அரிசி ஆலையும் நடத்தினார். இயற்பியல் மாணவன் என்பதாலோ என்னவோ, அவர் காட்டிய படங்களைவிட இதுவே என்னைக் கவர்கிறது.

1931இல் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. ஊமைப்படத்தால் வளர்ந்த முதலாளிகள் பலர் திகைத்த நேரம் அது. இவரோ கல்கத்தா பயனியர் நிறுவனத்தாருடன் கூட்டுச் சேர்ந்து, நாடக மேடையில் புகழ்பெற்றிருந்த வள்ளி திருமணத்தை 1933இல் பேசும் படமாக்கினார். டி.பி. ராஜலட்சுமி நாயகி. படம் பெருவெற்றி பெற்றது. பின்னர் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானபோது அதன் பங்குதாரர்களுள் ஒருவராக இருந்தார். படமெடுக்கக் கல்கத்தாவுக்கு ஓடிய காலம் மாறி, கோவையிலேயே படம் பிடிக்கும் காலம் வந்தது. 1942இல் காலமானார்.

வெரைட்டி ஹால் பின்னாளில் 'டிலைட்' ஆயிற்று. புதுப்படங்கள் பெரிய அரங்குகளுக்குப் போய்விட, நூற்றாண்டைத் தொட்ட 2014ஆம் ஆண்டளவில் அது பழைய படங்களைக் குறைந்த கட்டணத்தில் காட்டிக்கொண்டிருந்தது. தியேட்டர்கள் முன்போல் இல்லையே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் அவ்வளவாக இல்லை. கூடாரத்தைக் கட்டடமாக்கி, ஊமைப்படத்திலிருந்து பேசும் படத்துக்கு மாறி, ஓயாமல் மாறிக்கொண்டிருந்தவர் அதைக் கட்டியவரே அல்லவா? பெயரை மட்டும் ஊர் விடவில்லை. கோவை ரயில் நிலையத்துக்கு அருகே, அரங்கு இருந்த வீதியை மக்கள் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே அழைக்கிறார்கள்.