டாக்டர் சுப்பாராவும் எங்கள் பாய்லரும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. நம்ம பேட்ச் சார்பாக ஒரு கட்டுரையாவது வந்தே ஆக வேண்டுமாம். ஹாஸ்டல் நினைவுகள் வேண்டாம், அது எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டது, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுது என்று நண்பர் உத்தரவு போட்டார். காமராஜரையும் கலாமையும் சீனியர்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டவர் டாக்டர் எல்லாப்ரகடா சுப்பாராவ். மெக்கானிக்கல் படித்தவனுக்கும் உயிர்வேதியியல் விஞ்ஞானிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எங்கள் உறவு ஒரு பாய்லரில் ஆரம்பித்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அனல் மின் நிலையத்தில் நைட் ஷிப்ட். பாய்லர் தண்ணீரில் ட்ரைசோடியம் பாஸ்பேட்டை அளவோடு கலப்போம். உப்புக்கள் குழாயில் கல்லாகப் படியாமல் இருக்கவும், தண்ணீர் அமிலமாகாமல் இருக்கவும் அது வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் லேபில் அளந்து சொல்வார்கள். அன்று லோடு ஏற்றினோம். பாஸ்பேட் ரீடிங் இறங்கிக்கொண்டே போனது. லேபில் ஏதோ சொதப்பல் என்று முடிவு கட்டி, கெமிஸ்ட் மேடத்திடம் போனில் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டு, டோஸிங்கைக் கூட்டினேன். விடியற்காலையில் லோடு இறங்கியது. பாஸ்பேட் கிடுகிடுவென ஏறி, எல்லையைத் தாண்டிப் போயே போச்சு. அதைக் குறைக்க மணிக்கணக்கில் ப்ளோடவுன் விட்டு, சுத்திகரித்த தண்ணீரை எல்லாம் சாக்கடையில் கொட்டினோம்.

லேபில் தப்பே இல்லை. லோடு கூடும்போது பாஸ்பேட் சூடான குழாய்ச் சுவரில் போய் ஒளிந்துகொள்ளும், லோடு குறைந்தால் திரும்பி வரும். மன்னிப்புக் கேட்கப் போனேன். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு டெஸ்ட் டியூபை எடுத்து, அதில் மாலிப்டேட் அமிலத்தையும் இன்னொரு திரவத்தையும் விட்டு, தண்ணீர் நீலமாவதைக் காட்டினார். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பேட் அவ்வளவு. இந்த டெஸ்டுக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர் நம்ம மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தவர், நிற்காமல் நகர்ந்த ஒரு ரீடிங்கைத் தப்பு என்று தள்ளாததால்தான் அவர் பெரிய ஆளானார் என்று சொன்னார். அதற்கு மேல் எனக்கு உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். அப்பா ஜகந்நாதம், அம்மா வெங்கம்மா. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். (அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இந்த வரியை மட்டும் வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம்.) பிறகு பிரசிடென்சி கல்லூரி, அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னால் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கை கொடுத்தார்கள். காந்தி அழைத்தார் என்று கதர்த் துணியில் ஆபரேஷன் அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு போனது ஆங்கிலேயரான சர்ஜரி பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியிலும் இடமில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கப் போனார். இதற்கிடையே உடன்பிறந்தவர்களை ஸ்ப்ரூ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

1920-களின் தொடக்கத்தில் மாமனார் திரட்டிய பணத்தோடு பாஸ்டனில் போய் இறங்கினார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய டிப்ளமோ. கையில் காசில்லாததால் ஆஸ்பத்திரியில் இரவு வேலை: நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. டாக்டர் பட்டம் பெற்றவர்! ஆனால் பகலில் லேப் இருந்தது. ஓட்டோ ஃபோலின் தலைமையிலான உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்தார்.

அப்போது ரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸை அளப்பது பெரிய தலைவலி. நீலம் வரும், ஆனால் நம்ப முடியாது, சீக்கிரம் வெளுத்துவிடும். நீலத்தை வரவழைக்க அமினோநாப்தால் சல்ஃபானிக் அமிலம் என்ற புதிய பொருளை இருவரும் பயன்படுத்தினார்கள். நிறம் சட்டென்று வந்தது, நிலையாகவும் நின்றது. 1925-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை, உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. பாஸ்பேட்டை அறுத்துவிடும் என்சைம்களின் வேகத்தை அளக்க, அறுந்து விழுந்த பாஸ்பேட்டை இந்த நீலத்தைக் கொண்டு எண்ணுவதுதான் பல ஆய்வகங்களில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது.

இனிமேல்தான் மேடம் சொன்ன கதை. ரத்தத்தில் சரியாக வந்த நீலம், தசைச் சாற்றில் மட்டும் சண்டித்தனம் செய்தது. உடனே வந்து நிற்காமல், நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டே இருந்தது. சாதாரணமாக என்ன செய்வோம்? மருந்து கெட்டுப்போச்சு என்று கொட்டிவிட்டு வேறு கலக்குவோம். இவர்கள் அந்தத் தாமதத்தையே துரத்தினார்கள். தசையில் இருந்த பாஸ்பேட்டில் பெரும்பகுதி தனியாகவே இல்லை, கிரியேட்டின் என்ற பொருளோடு கைகோத்து இருந்தது. டெஸ்டுக்காக ஊற்றிய அமிலமே அந்தப் பிடியை மெல்ல மெல்ல விடுவித்ததால்தான் நீலம் தவணை முறையில் வந்தது. தசை வேலை செய்தால் அந்தக் கூட்டுப்பொருள் குறைந்தது, ஓய்வு கொடுத்தால் மறுபடி சேர்ந்தது. 1927-ல் வெளியான பாஸ்போகிரியேட்டின் கண்டுபிடிப்பு இதுதான். அதே வருஷம் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியும் தனியாக இதைக் கண்டார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? தசை இயங்குவது லாக்டிக் அமிலத்தால்தான் என்பது அன்றைய முடிந்த முடிவு. தசையில் வெப்பம், லாக்டிக் அமிலம் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில்லும் மேயர்ஹோஃபும் 1922-க்கான நோபல் பரிசையே வாங்கியிருந்தார்கள். அந்த அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாமல் தடுத்தாலும் தசை சுருங்குகிறது, கரைவது பாஸ்போகிரியேட்டின்தான் என்று காட்டினார். நடுவில் 1929-ல் சுப்பாராவும் ஃபிஸ்கும் தசையிலிருந்து ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் லோமன் இரண்டு மாதம் முந்தி ஆகஸ்டில் பிரசுரித்துவிட்டதால் புத்தகங்களில் அவர் பெயர் முதலில் வரும். உயிருள்ள எல்லாமே தினசரிச் செலவுக்கு எடுக்கும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி. பாஸ்போகிரியேட்டின், பக்கத்தில் வைத்திருக்கும் சேமிப்பு டப்பா. அதிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ஏ.டி.பி.யை மறுபடி உண்டாக்கித் தரும் என்சைம் கிரியேட்டின் கைனேஸ். இதயத் தசை சேதமானால் இந்த என்சைம் ரத்தத்தில் கசியும். 1960-களிலிருந்து மாரடைப்பைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் அதைத்தான் அளந்தார்கள். இப்போது டிரோபோனின் வந்து அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

1930-ல் பிஎச்.டி. வாங்கியும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியிட விடவில்லை, மற்றவர்கள் பல வருஷம் கழித்து அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று, அங்கே உடன் வேலை பார்த்து 1988-ல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் தன் பங்கைப் பற்றி வாய் திறந்து பேசும் ரகம் இல்லை. எனக்கு இது பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. கொஞ்சம் பேசியிருக்கலாம் மனுஷன்.

1940-ல் முழுநேரமாக லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார், 1942-ல் ஆராய்ச்சி இயக்குநர். அங்கே எட்டு வருஷத்தில் நடந்தது ஒரு ஆயுளுக்கான வேலை. அவர் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகள் அதனால் எழுந்து உட்கார்ந்தார்கள். உடன்பிறந்தவர்களுக்குக் கால் நூற்றாண்டு தாமதமாகிவிட்டது. யானைக்கால் நோய்க்கு ஹெட்ரஸான் வந்தது, நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுத்த அதே மாத்திரை. அவர் பொறுப்பில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் டக்கர் ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார்.

பிறகு ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலிகளைச் செய்தார்கள். வால்வு சீட்டில் அதே சைஸ் ப்ளக் போய் உட்கார்ந்தால் லைன் அடைபடும் இல்லையா, அப்படி இந்தப் போலி என்சைமில் போய் உட்கார்ந்துகொள்ளும், கேன்சர் செல் பெருக முடியாது. பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் அந்த அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியது. 1948 ஜூனில் அது பிரசுரமானது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்தில் மாரடைப்பால் போய்விட்டார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பி மெதோட்ரெக்ஸேட். என் அம்மாவுக்கு முடக்குவாதம். ஞாயிறு தவறாமல் மெதோட்ரெக்ஸேட், அதன் பக்கவிளைவைத் தணிக்க வேறு நாளில் ஃபோலிக் அமிலம். இரண்டு அட்டையும் ஒரே டப்பாவில் இருக்கும். போன தடவை ஊருக்குப் போனபோது, 1995-ல் நூற்றாண்டுக்காக வெளியிட்ட தபால்தலையின் படத்தைக் காட்டி, இந்த இரண்டு மாத்திரைக்கும் இவர்தான் காரணம் என்று அம்மாவுக்கு முழுக் கதையும் சொன்னேன். அம்மா நீலத்தைப் பற்றியும் கேட்கவில்லை, நோபலைப் பற்றியும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போனாரே, கட்டியவள் என்ன ஆனாள் என்று கேட்டார்.

மனைவி பெயர் சேஷகிரி. அவர் கப்பலேறிய பிறகு பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். சுப்பாராவ் இந்தியாவுக்குத் திரும்பி வரவே இல்லை. அந்த அம்மாள் இங்கேயே இருந்தார் என்று சொன்னேன். அம்மா தபால்தலைப் படத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.