ஏ.கே. செட்டியார்: ஆவணப்பட ஆக்கமும் தொகுப்புப் பணியும்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த அ. கருப்பன் செட்டியார், தமிழ் இதழியலிலும் பயண இலக்கியத்திலும் ஏ.கே. செட்டியார் என அறியப்படுபவர். காந்தியடிகளைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் பெரும்பாலும் அவருடைய எழுத்துப் பணியிலிருந்து பிரித்தே பேசப்படுகிறது. ஆயினும் அவ்விரண்டும் ஒரே தொகுப்பு முறையால் அமைந்தவை என்பதை அவர்தம் வாழ்க்கைப் போக்குப் புலப்படுத்துகிறது.

இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்றார். 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றபோது காந்தி படம் குறித்த எண்ணம் உருப்பெற்றது. அப்போது அவருக்கு 26 வயது நிறையவில்லை.

கடந்துபோன நிகழ்ச்சிகளை மீண்டும் படம்பிடித்தல் இயலாது. நடிகரைக் கொண்டு நடித்துக் காட்டுதல் அவர் நோக்கமன்று. எனவே, முன்னரே எடுக்கப்பெற்றுப் பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடுவதே அவர் மேற்கொண்ட வழியாயிற்று. ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் ஒளிப்பதிவாளர் நூற்றுவர் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடியளவில் தொகுக்கப்பெற்ற படம், தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டில் வெளியாயிற்று. அஃது இரண்டாம் உலகப்போர்க் காலம். காலனிய அரசு எந்நேரமும் படத்தைக் கைப்பற்றக்கூடும் என்னும் அச்சம் நிலவியது. இந்தி வடிவம் 1947இல் தில்லியில் திரையிடப்பட்டது. ஆங்கில வடிவம் 1953இல் அமெரிக்காவில் உருவாயிற்று.

படத்திற்குப் பின் அவர் திரைத்தொழிலில் நிலைபெறவில்லை. 1943இல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கி, ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அதனை நடத்தினார். பழைய இதழ்களில் மறைந்துகிடந்த எழுத்துகளைத் தேடி மறுபதிப்புச் செய்தார்; தமிழகம் பற்றிய பயணக் கட்டுரைகளை நூலாகத் தொகுத்தார். பிறர் விட்டுச்சென்றவற்றைத் தேடுதல், தேர்தல், நிரல்படுத்தல், தம்மைப் பின்னிறுத்திக்கொள்ளல் ஆகிய படத்தொகுப்பின் இயல்புகளே இப்பணியிலும் தொடர்ந்தன.

1983இல் அவர் மறைந்தார். சிதறியவற்றை ஒன்று சேர்த்தவரின் படமே பின்னர்ச் சிதறியது. முழுத் தமிழ்ப்படி எளிதிற் காணக் கிடைக்காத நிலையில், அமெரிக்கச் சுருக்கப் பதிப்பின் படியொன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டறியப்பட்டது. அவரது படத்தை மீட்பதற்கும் அவர் கையாண்ட தேடல்முறையே வழியாயிற்று. ஆகவே, ஏ.கே. செட்டியாரைப் பயண எழுத்தாளர் என்ற அளவில் நிறுத்தாது, தமிழ் ஆவணவியலின் முன்னோடியாகவும் மதிப்பிடுதல் பொருந்தும்.