பீப்ஸின் கவலைக் கணக்கு

சாமுவேல் பீப்ஸ் என்றதும் 1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை எரித்த பெருந்தீயே பலருக்கு நினைவில் எழும். அத்தீக்கு அஞ்சி அவர் தமது மதுவையும் பாற்கட்டியையும் தோட்டத்திற் குழி தோண்டிப் புதைத்த கதையை அறியாதார் சிலரே. ஆயினும், அவருடைய நாட்குறிப்பைப் பொறுமையோடு படிப்போர் அதிற் காண்பது பெருநிகழ்ச்சிகளை மட்டுமன்று. ஓயாது கவலைப்பட்ட ஓர் உள்ளத்தையுமாம்.

1633ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர் பீப்ஸ். கேம்பிரிட்ஜில் மக்டலின் கல்லூரியிற் கற்றார். இளமை தொட்டுக் கல்லடைப்பு நோய் அவரை வாட்டியது. மயக்கமருந்து அறியப்படாத அக்காலத்தில், 1658 மார்ச் 26ஆம் நாள் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டுப் பிழைத்தெழுந்தார். பின்னர் அந்நாளை ஆண்டுதோறும் விருந்திட்டுக் கொண்டாட விரும்பினார். உறவினரான எட்வேட் மொண்டேகுவின் துணையால் 1660இற் கடற்படைக் கந்தோரில் உயர்பதவி கிடைத்தது. பதவியோடு கவலைகளும் வந்தன.

அவ்வாண்டு ஜனவரி முதலாம் நாளே அவர் நாட்குறிப்பைத் தொடங்கியிருந்தார். ஷெல்டன் என்பார் வகுத்த சுருக்கெழுத்தில் எழுதினார்; பிறர் கண்ணுக்கு அஞ்சாமல் உள்ளதை உள்ளபடி எழுத அது இடந்தந்தது. மேலதிகாரியின் முகக்கோணல், மனைவி எலிசபெத்தோடு மூண்ட பூசல், புதிய அங்கிக்கான செலவு, தம் ஒழுக்கக்கேடு யாவும் அதில் உள. மாதமுடிவிற் கையிருப்பைக் கணக்கிட்டு அதனையும் பதிவார். நாடகத்திலும் மதுவிலும் தமக்குள்ள ஆசை வேலையைக் கெடுப்பதைக் கண்டு சபதங்களை எழுதிவைத்தார். மீறினால் ஏழைகளின் உண்டியலுக்குத் தண்டம். சபதத்துக்கு விலக்குத் தேடுவதில் அவர் வழக்கறிஞரையும் விஞ்சினார் என்பது வேறு கதை! எனினும் அத்தந்திரத்தையும் மறையாது எழுதினாரே, அங்கேதான் அவர்மீது நமக்கு அன்பு பிறக்கின்றது.

1667 யூன் மாதம் ஒல்லாந்தர் மெட்வே ஆற்றினுட் புகுந்து ஆங்கிலக் கப்பல்களை எரித்தனர். பழி கடற்படைக் கந்தோரின் தலையில் விழும் என்று பீப்ஸ் நடுங்கினார். ஏறக்குறைய 1300 பவுண் பெறுமதியான பொன்னைத் தந்தையிடமும் மனைவியிடமும் கொடுத்துப் பிரம்டன் கிராமத்துக்கு அனுப்பினார். அவர்களோ அதனைப் பட்டப்பகலிலே தோட்டத்திற் புதைத்துவிட்டனர்! ஒக்டோபரில் அவர் சென்று இருளில் விளக்கோடு தோண்டியபோது பைகள் உக்கிப்போயிருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட காசுகளைக் காணவில்லை. அயலார் கேட்டுவிடுவரோ என்ற அச்சத்தோடு மண்ணை வாளிகளில் அள்ளிக் கழுவினார். மறுநாட் காலை சல்லடையிட்டு அரித்தார். பெரும்பகுதி மீண்டது. தந்தைமீது கொண்ட சினத்தையும், காசுகள் தட்டுப்பட்டபோது கொண்ட ஆறுதலையும் அவர் ஒரே மூச்சில் எழுதிச் செல்கிறார். எழுதியதாற் கவலை தீர்ந்ததென்று நாம் சொல்லத் துணியோம். எவ்வளவு இழந்தோம், எவ்வளவு எஞ்சியது என்ற அளவேனும் தாளில் தெளிந்தது. இத்தகைய மனிதருக்கு அதுவே நித்திரை தரப் போதுமானதாயிருக்கலாம்.

மெழுகுவர்த்தி ஒளியில் எழுதியும் படித்தும் கண்கள் நொந்தன. பார்வை போய்விடுமென்று அஞ்சி, 1669 மே 31ஆம் நாள் எழுதுவதை நிறுத்தினார். அந்நாளின் குறிப்பிலே துயரம் கனத்துக் கிடக்கின்றது. பார்வையோ போகவில்லை. 1703 வரை வாழ்ந்த அவர் கடற்படையின் பெருஞ்செயலாளராய் உயர்ந்தார். சிறைக்கும் சென்று மீண்டார். ஆயினும் இத்தகைய அந்தரங்க நாட்குறிப்பை மீண்டும் தொடரவில்லை. ஆறு ஏடுகளும் அவருடைய நூலகத்தோடு மக்டலின் கல்லூரியைச் சேர்ந்து, 1825இலேதான் முதன்முறை அச்சேறின.

ஏட்டை மூடிய அதே ஆண்டு நவம்பரில் எலிசபெத் காய்ச்சலால் இறந்தாள். வயது 29. அந்நாளுக்கு ஏட்டிற் பக்கமில்லை. இலண்டனில் புனித ஒலாவ் தேவாலயத்தில் அவர் நிறுவிய அவளது சலவைக்கல் உருவம் மட்டும் இன்றும் இருக்கின்றது.