காரின் பின்பக்க பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாமா? ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை சொல்லும் பதில்

வில்லியனூரிலோ பாகூரிலோ வீட்டு வாசலில் காரை நிறுத்தி, தேய்ந்துபோன பின்பக்க பிரேக் டிஸ்க்கைத் தானே மாற்றிவிடலாம் என்று இறங்குபவர்களுக்கு இன்று வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் வீடியோ ஏது? மெக்கானிக்கே அபூர்வம். அந்தக் காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, தானாகவே தொழில் கற்றவர் ஜி.டி.நாயுடு. கோவை அவிநாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட உயர்மட்ட மேம்பாலத்துக்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான்.

யார் இவர்?

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது.

வாலிப வயதில், ஊர்ப்பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி அவரைத் தூங்கவிடவில்லை. வாங்கக் கையில் காசில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சுமார் 3 வருஷம் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டார். எந்தப் பாகம் எதோடு சேர்கிறது, எதை எது இயக்குகிறது என்று பார்த்தார். பிறகு திரும்ப மாட்டினார். கழற்றுவது யாராலும் முடியும். மாட்டிய வண்டி மறுபடி ஓட வேண்டும், அதில்தான் தொழில் இருக்கிறது.

அடுத்து என்ன செய்தார்?

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். இங்கே கணக்கு மாறிவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் ஒரு போல்ட் தவறினால் விழுவது அவர் மட்டும்தான். பஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். அந்த ஒற்றை பஸ், சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கோவை பீளமேட்டிலிருந்து கொண்டுவந்தார். மின்சார ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீண்டது. 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் காரை உருவாக்கினார். தயாரிக்க அரசு அனுமதி கிடைக்காததால் அது சாலைக்கு வராமலே போனது.

படிப்பு விஷயத்தில் என்ன சண்டை?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தொடங்க அவர்தான் முக்கியக் காரணம். பொறியியல் படிக்க 4 வருஷம் எதற்கு, கையால் செய்து பழகினால் 2 வருஷம் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. மறு ஆண்டே முதல்வர் பதவியை விட்டு விலகினார். பயிற்சியின் காலத்தைத்தான் அவர் குறைக்கச் சொன்னார், பயிற்சியே வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

சரி, பிரேக் டிஸ்க்குக்கு வருவோம்

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் கார்களில் அது பரவியது 1950-களுக்குப் பிறகுதான். இன்றும் பல சின்ன கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆகவே பின்னால் இருப்பது எது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

பின்பக்க டிஸ்க்கில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. பல கார்களில் ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பருக்குள் இருக்கும். அப்படிப்பட்ட பிஸ்டனை வெறுமனே அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது, அதற்கான கருவியால் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால், முதலில் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். இதைத் தெரியாமல் கை வைத்தால் கேலிப்பரே கெட்டுவிடும்.

மணல் வாசலில் ஜாக்கி புதைந்து சாயும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கணும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கணும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல், ஸ்டாண்டில் உட்கார வைக்கணும். கழற்றிய கேலிப்பரைப் பிரேக் ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கணும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றால் ஹப்பில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது நேராக உட்காராது, பிரேக் அடிக்கும்போது பெடல் அதிரும். டிஸ்க் மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், பேடும் புதுசாக வேண்டும். போல்ட்டுகளை கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கணும்.

அப்போ மாற்றலாமா, கூடாதா?

அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் நிற்க, ஒரு தடவை முழுசாகக் கழற்றி மாட்டியவர் மாற்றலாம். வீடியோ மட்டும் பார்த்தவருக்கு அந்தத் தடவை இன்னும் பாக்கி இருக்கிறது.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது. பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, நின்று பார்க்க வேண்டும். விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும் எதிரே வருபவர்களுக்கு, இந்த பிரேக்கை மாட்டியது யார் என்று தெரியாது.