25 உயிர்களைப் பறித்த கேலரி... அதற்குப் பிறகும் ஸ்டேடியம் கட்டிய இன்ஜினீயர்! யார் இந்த ஆர்ச்சிபால்ட் லீச்?

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட், லிவர்பூலின் ஆன்ஃபீல்ட்... நூறு வருஷத்துக்கு முன்னாடி இரண்டிலும் ஸ்டாண்டுகளை டிசைன் செய்தது ஒரே ஆள்தான். ஆர்ச்சிபால்ட் லீச்.

1865-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஆரம்பத்தில் வரைந்ததெல்லாம் ஃபேக்டரிகள். இலங்கை தெல்தோட்டையின் தேயிலை ஃபேக்டரிகளும் அதில் அடக்கம். குறைந்த செலவில் நிறைய பேருக்கு இடம் வேண்டும் என்ற ஃபுட்பால் கிளப்களுக்கு இப்படி ஓர் ஆள்தான் தேவைப்பட்டார்.

1902 ஏப்ரல் 5. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து மேட்ச். இரும்புச் சட்டங்களின் மேல் மரப்பலகை போட்டு லீச் எழுப்பிய கேலரி ஆட்டத்தின்போதே உடைந்தது. நின்றிருந்தவர்கள் சுமார் 40 அடி கீழே விழுந்தார்கள். 25 பேர் பலி. 500-க்கும் மேற்பட்டோர் காயம். மட்டமான மரம் போட்டதாக கான்ட்ராக்டர் மீது வழக்கு பாய்ந்தது; அவரும் விடுதலையானார்.

லீச் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், அதே ரேஞ்சர்ஸ் கிளப்பிடம் மறுபடியும் வேலை கேட்டு வாங்கினார். இந்த முறை மரத்துக்கு பதில் மண்மேடும் கான்கிரீட்டும். கூட்டம் நெரியாமல் இருக்க தடுப்புக் கம்பிகள். அதற்குப் பேடன்ட் வேறு.

ஓல்ட் டிராஃபோர்டுக்கு முதலில் போட்ட பிளான், 60,000 பவுண்டில் 1 லட்சம் பேருக்கு இடம். இன்னும் 30,000 பவுண்டு ஆகும் என்றதும், சுமார் 80,000 பேர் போதும் என்று கிளப் இறங்கி வந்தது. பட்ஜெட் எகிறுவது அப்பவே இருந்த கதைதான்!

1939-ல் லீச் இறந்தார். ஐப்ராக்ஸில் 1929-ல் அவர் செங்கல் முகப்போடு கட்டிய மெயின் ஸ்டாண்ட் இன்னும் நிற்கிறது.