ரஹீம் சாகிப்

கால்பந்தாட்டத்தில் எதிரியின் கோலை நாடி முன்னேறுதல் ஒரு கலை. தன் கோலைக் காத்து நிற்றல் மற்றொரு கலை. இவ்விரண்டையும் ஒருங்கே நம் நாட்டாருக்குப் பயிற்றியவர் ஹைதராபாத் ஸையத் அப்துல் ரஹீம் ஆவார். அன்னாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

1909-ஆம் ஆண்டிற் பிறந்த ரஹீம், பள்ளி ஆசிரியராய் விளங்கியவர். இவரிடம் பயின்ற ஹைதராபாத் நகரப் போலீஸ் கட்சியார் 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றனர். 1951-இல் புதுடில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா பொற்பதக்கம் பெற்றதும் இவர் பயிற்சியினாலேயாம்.

ஆயினும், மறு ஆண்டே ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியா நம்மவரை 10-1 எனத் தோற்கடித்தது. பழைய முறைப்படி ஐவர் முன்னும் மூவர் நடுவிலும் நிற்க, பின்னே காப்போர் இருவரே. தாக்குதலில் மிக்க ஆர்வம் காவலைக் குலைக்குமென்பது வெளிப்படை. நாளடைவில் ரஹீம் பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர் என்னும் முறையைப் பழக்கினார். நடுவில் நிற்கும் இருவரும் முன்னேறின் தாக்குவோர் அறுவர். பின்வாங்கின் காப்போர் அறுவர். 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, இந்தியா நான்காம் இடம் எய்தியது.

1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியின்போது ரஹீமைப் புற்றுநோய் வருத்திற்று. முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2-0 என வென்றது. பின்னர்ப் பின்காவலர் ஜர்னைல் ஸிங்கின் தலையிற் காயம் பட்டது. ரஹீமோ, அவரை விலக்காது முன்னணியில் நிறுத்தினார். மீண்டும் தென்கொரியாவை எதிர்த்த இறுதியாட்டத்தில், நெடிய பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க வைத்தார். முற்பகுதியிலேயே பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஒவ்வொரு கோல் அடித்தனர். பிற்பகுதியில் நம்மவர் ஒரு கோலே விட்டு, 2-1 என வாகை சூடினர்.

1963 ஜூன் 11-ஆம் நாள் ரஹீம் காலமானார். அதன்பின் இன்றுகாறும் ஆசியப் போட்டியில் நம் நாடு கால்பந்திற் பொற்பதக்கம் பெற்றிலது.

கரியாலூர் மலைவழி செல்வோர்க்கு ஏறுங்கால் மூச்சும் இறங்குங்கால் முழங்காலும் உறுதியாயிருத்தல் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்றில்லையேல் பயணம் நிறைவுறாது. மைதானத்திற்கும் வாழ்க்கைக்கும் இஃது ஒக்கும் என்பதை நம் மாணவர் உணர்வாராக.